கரிசல் வெயிலும் காரைக்குடி ஆய்வும்

தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும் நேர்மின்வாயில் ஆக்ஸிஜனும் வெளிவரும் என்று நாம் வகுப்பில் படிக்கிறோம். ஹைட்ரஜன் இரண்டு பங்கு; ஆக்ஸிஜன் ஒரு பங்கு. படம் வரைந்து பாகங்களைக் குறித்துவிட்டால் தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். இதை 1800ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் செய்து பார்த்துவிட்டனர். அந்த ஹைட்ரஜனை எரித்தால் புகை இல்லை, கரி இல்லை. மீண்டும் தண்ணீரே உண்டாகிறது. அப்படியானால் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் லாரிகளும் ஆலைகளும் ஏன் இன்னும் டீசலிலும் நிலக்கரியிலும் ஓடுகின்றன? கெட்டிக்கார மாணவி ஒருத்தி கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. இதற்கான விடையைத்தான் இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஹைட்ரஜன் உலகுக்குப் புதிய சரக்கு அன்று. நம் வயல்களில் பருத்திக்கும் மிளகாய்க்கும் தூவும் யூரியா, அம்மோனியாவிலிருந்து வருகிறது. அம்மோனியா செய்ய ஹைட்ரஜன் வேண்டும். அந்த ஹைட்ரஜனைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தே எடுக்கிறார்கள். அவ்வாறு ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கும்போது ஏறக்குறைய 9 முதல் 10 கிலோ வரை கரியமில வாயு காற்றில் கலக்கிறது. எரியும்போது தூய்மையாக இருக்கும் பொருள் பிறக்கும்போது அப்படி இல்லை. சூரிய ஒளி மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தால் இந்தக் குறை நீங்கும். தடையாக நிற்பது செலவு.

அந்தச் செலவு எங்கே ஏற்படுகிறது? நம் ஊரின் பெயரிலேயே கிணறு இருப்பதால் கிணற்றையே உவமையாகக் கொள்வோம். இருபது அடி ஆழத்தில் தண்ணீர் கிடந்தால் வாளியை இருபது அடி இழுத்தே ஆக வேண்டும். அந்த உழைப்பை யாராலும் குறைக்க முடியாது. ஆனால் கப்பி துருப்பிடித்துக் கிறீச்சிட்டால் கை இருமடங்கு நோகும். கப்பிக்கு எண்ணெய் விட்டால் அந்த வீண் உழைப்பு மட்டும் மிச்சமாகும். கிணற்றின் ஆழம் அப்படியேதான் இருக்கும். தண்ணீரைப் பிரிப்பதிலும் இதே கதைதான். அதற்குக் குறைந்தது 1.23 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். இது கிணற்றின் ஆழம். ஆனால் நடைமுறையில் 1.8, 2 வோல்ட் வரை கொடுத்தால்தான் வேலை நடக்கிறது. மிகுதியில் பெரும்பகுதி வெறும் வெப்பமாக வீணாகிறது. இது கப்பியின் உராய்வு. அதைக் குறைக்கும் எண்ணெயே வினையூக்கி.

இதைக் கண்ணால் காணவும் வழி உண்டு. ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்துச் சிறிது சலவைச் சோடாவைக் கரையுங்கள். (சாப்பாட்டு உப்பைப் போட வேண்டாம், குளோரின் என்னும் நச்சு வாயு வரும்.) இரண்டு பென்சில் கரிமுனைகளை மின்வாயாக வைத்து, ஒரே ஒரு டார்ச் செல்லை இணையுங்கள். செல்லின் அழுத்தம் 1.5 வோல்ட், 1.23ஐ விட அதிகம். ஆனாலும் குமிழிகள் வருவதே அரிது! இரண்டு செல்களை அடுத்தடுத்து இணைத்தால் குமிழிகள் கிளம்பும். இப்போது எதிர்மின்வாயில் கரிமுனைக்குப் பதில் ஓர் இரும்பு ஆணியை வையுங்கள். அதே செல், அதே கரைசல். மின்வாய் மட்டும் மாறியது. குமிழிகளின் வேகமும் மாறுவதைக் காண்பீர்கள். எவர்சில்வர் கரண்டியை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சாகக்கூடும். ஆசிரியை அருகில் இருக்கும்போது, சன்னலைத் திறந்துவைத்து, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டிய சோதனை இது.

இந்த உராய்வைப் பணக் கணக்காகவும் பார்ப்போம். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க, கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் ஏறக்குறைய 26.6 யூனிட் மின்சாரம் செலவாகிறது. 1.23 வோல்ட்டில் முடிந்தால் 33 யூனிட்டுக்குள் அடங்கும். 2 வோல்ட் ஆனால் 53 யூனிட். வெறும் 0.1 வோல்ட் குறைந்தாலே கிலோவுக்கு 2.66 யூனிட் மிச்சம். இது அற்பமாகத் தோன்றலாம். 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் இலக்கு 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். அதற்கு ஒதுக்கிய தொகை 19,744 கோடி ரூபாய். அந்த 50 லட்சம் டன்னை நம் 0.1 வோல்ட்டோடு பெருக்கிப் பாருங்கள். ஆண்டுக்கு 1,330 கோடி யூனிட் வருகிறது. பத்தில் ஒரு பங்கு வோல்ட்டுக்காக விஞ்ஞானிகள் இரவு பகல் பாராது உழைப்பதன் காரணம் இதுவே.

வினையூக்கி நமக்குப் புதிதன்று. பொட்டாசியம் குளோரேட்டோடு கறுப்பு நிற மாங்கனீஸ் டை ஆக்ஸைடைக் கலந்து சூடேற்றி ஆக்ஸிஜன் தயாரிக்கும் பாடம் நினைவிருக்கலாம். மாங்கனீஸ் டை ஆக்ஸைடு தான் குறையாமல் வினையை விரைவுபடுத்துகிறது. தண்ணீரைப் பிரிக்கும் கலத்தில் இரண்டு மின்வாய்களுக்கும் இத்தகைய துணை வேண்டும். எதிர்மின்வாயில் வேலை எளிது: இரண்டு எலெக்ட்ரான்கள் சேர்ந்தால் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு. நேர்மின்வாயில்தான் சிக்கல். அங்கே நான்கு எலெக்ட்ரான்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிய வேண்டும். இரண்டு ஆக்ஸிஜன் அணுக்கள் தேடிப்பிடித்துக் கைகோக்க வேண்டும். உராய்வின் பெரும்பங்கு இந்தப் பக்கமே.

எதிர்மின்வாய்க்குச் சிறந்த வினையூக்கி பிளாட்டினம். அமிலத் தன்மையுள்ள கலங்களில் நேர்மின்வாய்க்கு இரிடியத்தை விட்டால் நீடித்து நிற்கும் உலோகம் அரிது. இந்த இரிடியம் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில், பிளாட்டினத்தோடு உடன்விளையும் பொருளாகக் கிடைக்கிறது. உலகம் முழுவதும் ஓராண்டில் கிடைப்பது சுமார் 7 அல்லது 8 டன்தான். அருப்புக்கோட்டைச் சாலையில் போகும் ஒரே லாரியில் ஏற்றிவிடலாம்! அதை நம்பி உலகத்துக்கே எரிபொருள் செய்ய முடியுமா?

அதனால்தான் எங்கும் கிடைக்கும் இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகியவற்றின் பக்கம் ஆராய்ச்சி திரும்பியது. இவை அமிலத்தில் கரைந்துவிடும். காரக் கரைசலில் தாங்கும். நிக்கல் மின்வாய்கள் காரக் கலங்களில் நெடுங்காலமாகவே வேலை செய்து வந்தன. பஞ்சாபிலுள்ள நங்கலில் 1960களின் தொடக்கத்தில், பக்ரா அணை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து உரம் தயாரித்தார்கள் என்பது இன்று பலருக்குத் தெரியாது.

நிக்கலைப் பற்றிய ஒரு செய்தி எங்களுக்கு மிகவும் பிடித்தது. நிக்கல் மின்வாய் நாளாக ஆக நன்றாக வேலை செய்வதைக் கண்டு அதை நல்ல வினையூக்கி என்று எல்லாரும் மெச்சினர். 1987இல் டென்னிஸ் காரிகன் என்ற அமெரிக்க ஆய்வாளர், கரைசலில் அழுக்குப்போலக் கலந்திருக்கும் மிகச் சிறிதளவு இரும்பே இந்த வேலைக்குக் காரணம் என்று காட்டினார். 2014இல் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் காரத்திலிருந்து இரும்பை அறவே நீக்கிச் சோதித்தார்கள். தூய நிக்கல் மந்தமாகிவிட்டது! பல்லாண்டுகளாக நிக்கலுக்குக் கிடைத்த புகழில் பெரும்பங்கு, யாரும் கவனிக்காத இரும்புக்கு உரியது. இப்போது இரண்டையும் வேண்டுமென்றே கலந்து, மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்த நிக்கல்-இரும்பு ஹைட்ராக்ஸைடு தயாரிக்கிறார்கள். விருதுநகர் பரோட்டாவைப் பிய்த்தால் தெரியும் அடுக்குகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யும் முறைகளுள் ஒன்று சமையலறையை ஒத்தது: நிக்கல் உப்பு, இரும்பு உப்பு, கொஞ்சம் யூரியா ஆகியவற்றைத் தண்ணீரில் கரைத்து, மூடிய எஃகுக் கலத்தில் பிரஷர் குக்கர்போல் சில மணி நேரம் சூடாக்குகிறார்கள். வயலுக்குப் போடும் அதே யூரியாதான்.

இனி ‘நானோ’ என்பதைப் பார்ப்போம். மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். வினை நடப்பது உலோகத்தின் மேற்பரப்பில் மட்டுமே. உள்ளே இருக்கும் அணுக்கள் சும்மா கிடக்கின்றன. வெல்லக் கட்டியைவிடத் தூளாக்கிய வெல்லம் சட்டென்று கரைவது எதனால்? மேற்பரப்பு கூடியதனால்தான். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக நறுக்க முடிந்தால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 15 சென்ட் நிலம்! விரல்நுனியில் அடங்கும் உலோகம் ஒரு வீட்டு மனையைவிட அதிகமாக விரிகிறது. கணக்கு ஆசிரியையிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய ஆய்வு ஏதோ அயல்நாட்டில் மட்டும் நடப்பதாக எண்ண வேண்டாம். நம் ஊரிலிருந்து அரை நாளில் போய்ச் சேரக்கூடிய காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், அன்றைய துணை ஜனாதிபதி டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். செட்டிநாட்டின் வறண்ட செம்மண்ணில் ஒரு விஞ்ஞானக் கூடம் எழுந்தது.

அங்கே சுப்ரதா குண்டு என்பவரின் தலைமையில் இயங்கிய குழு, இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவை கந்தகத்தோடும் செலினியத்தோடும் பாஸ்பரஸோடும் சேர்ந்த கூட்டுப்பொருள்கள் தண்ணீரைப் பிரிப்பதில் எப்படிச் செயல்படுகின்றன என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. அதன் முதல் ஆசிரியர் அனந்தராஜ். இத்துறையில் நுழைகிறவர்கள் உலகில் எங்கிருந்தாலும் அடிக்கடி எடுத்துக்காட்டும் கட்டுரைகளுள் அது ஒன்றாகிவிட்டது. ஆனால் 2018இல் அக்குழு வெளியிட்ட இன்னொரு கட்டுரையையே நாங்கள் மேலாக மதிக்கிறோம். வினையூக்கியின் திறனை எப்படிச் சரியாக அளப்பது, எங்கெல்லாம் அளவை தவறாகிறது என்பதே அதன் பொருள்.

எடை போடுவதில் நேர்மை வேண்டாமா? ஓர் உதாரணம் சொல்வோம். மலிவான பொருளைச் சோதிக்கும்போது எதிர்ப்புறத்தில் பிளாட்டினக் கம்பியை வைத்தால், அதிலிருந்து பிளாட்டினம் நுண்ணளவில் கரைந்து, சோதிக்கும் பொருளின்மீதே வந்து படியக்கூடும். வேலை செய்வது பிளாட்டினம். பாராட்டு மலிவுச் சரக்குக்கு! அதனால் அங்கே கரிக்கம்பியை வைக்கச் சொல்கிறார்கள். கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த பொருள்கள் நேர்மின்வாயில் வேலை செய்யச் செய்ய மேற்புறத்தில் ஆக்ஸைடாக மாறிவிடுவதும் உண்டு. நாம் வைத்த பொருள் ஒன்று, வேலை செய்வது மற்றொன்று. மேலும், ஆய்வுக்கூடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தில் ஒப்பிடுவது வழக்கம். ஆலையிலோ அதுபோல் பல பத்து மடங்கு செலுத்துவார்கள். கலம் பல பத்தாயிரம் மணி நேரம் ஓட வேண்டும். ஒரு நாள் நன்றாக ஓடி, மறுவாரம் உதிர்ந்துபோகும் வினையூக்கியின் விலை குறைவு என்பதில் என்ன பயன்?

ஹைட்ரஜனைத் திரும்ப மின்சாரமாக்கும் கருவி எரிபொருள் மின்கலம். இதை 1839இலேயே வில்லியம் குரோவ் என்பவர் கண்டார். இங்கிலாந்துப் பொறியாளர் பிரான்சிஸ் பேக்கன் நிக்கல் மின்வாய்களைக் கொண்டே 1959இல் 5 கிலோவாட் கலத்தை இயக்கிக் காட்டினார். அவருடைய முறையிலிருந்து வளர்ந்த கலங்களே அப்போலோ விண்கலங்களுக்கு மின்சாரம் தந்தன. அக்கலங்களில் உண்டான தண்ணீரைத்தான் சந்திரனுக்குப் போனவர்கள் குடித்தார்கள்! குடிநீருக்குக் குடத்தோடு காத்திருந்து பழகிய நமக்கு இது இனிய செய்தி.

இன்று வண்டிகளில் வைக்கும் மின்கலத்தில் பிளாட்டினத்தைக் கரித்தூளின் மீது நானோ துகள்களாகப் பரப்புகிறார்கள். இங்கும் ஆக்ஸிஜன் பக்கமே மந்தம். அங்கேதான் பிளாட்டினம் மிகுதியாக வேண்டும். 1964இல் ரேமண்ட் ஜசின்ஸ்கி என்பவர், நீலச் சாயக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கோபால்ட் கூட்டுப்பொருள் பிளாட்டினத்தின் வேலையைச் செய்வதைக் கண்டார். அதன் நடுவில் ஓர் உலோக அணு. சுற்றிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள். நம் இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினிலும் இரும்பைச் சுற்றி இத்தகைய நான்கு நைட்ரஜன்களே உள்ளன. பள்ளியில் வாரந்தோறும் முகம் சுளித்துக்கொண்டு விழுங்கும் இரும்புச்சத்து மாத்திரையை இனிச் சற்று மரியாதையோடு பாருங்கள். இப்போது இரும்பு, நைட்ரஜன், கரி மூன்றையும் சேர்த்துக் காற்றில்லாத உலையில் சுட்டு, பிளாட்டினமே இல்லாத வினையூக்கிகள் செய்ய முயல்கிறார்கள். திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டுக் கரி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றைக் குறைத்துச் சுட்டால் சாம்பலாகாமல் கரியாகும் என்ற அதே விதிதான் அந்த உலையிலும். ஆனால் அங்கே வெப்பமும் வாயுவும் அளந்து வைக்கப்படுகின்றன. இந்த வினையூக்கிகள் இன்னும் பிளாட்டினம் அளவுக்கு நீடித்து உழைப்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தண்ணீரைப் பிரிக்க 2 வோல்ட் கொடுக்கிறோம். மின்கலத்தில் திரும்பப் பெறுவது 0.7 வோல்ட் அளவே. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வருகிறது. எனவே அப்பாவின் ஸ்கூட்டருக்கு மின்கல அடுக்கு போதும், அதுவே சிக்கனம். ஹைட்ரஜன் வேண்டியது உர ஆலைக்கும் எஃகு உலைக்கும் கப்பலுக்கும் என்பது எங்கள் கருத்து.

நம் வட்டாரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பெற்றோர் கேட்கலாம். மழை பொய்க்கும் இந்தக் கரிசல் பூமியில் வெயில் மட்டும் பொய்ப்பதில்லை. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் மணிக்கு 10 கனமீட்டர் ஹைட்ரஜன் தரும் சிறு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. எடையில் அது ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கு அதிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். வெயில் இங்கே உண்டு, கடலும் அருகில் உண்டு. ஆனால் தண்ணீர்? ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர் தேவை. சுத்திகரிப்புக்கும் குளிர்விப்புக்கும் சேர்த்தால் இன்னும் கூடும். ஒரு கிலோ அரிசி விளைவிக்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால் இது சொற்பம். எனினும் கண்மாய் வற்றிக் கிடக்கும் கோடையில் நிலத்தடி நீரை உறிஞ்சி ஹைட்ரஜன் செய்வதென்றால் அதை யார்தான் ஒப்புவார்? கடல்நீரைச் சுத்திகரித்தே செய்ய வேண்டும். உப்போடு அப்படியே பிரித்தால் குளோரின் வரும், மின்வாயும் அரிக்கும். உப்புக்கு அசராத, மலிவான நேர்மின்வாய் வினையூக்கி ஒன்றை ஆக்குவது இன்னும் முடியாத வேலை.

அந்த வேலைக்கு நம் பெண்கள் போகலாமா? அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்த டாக்டர் ந. கலைச்செல்வி பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். காரைக்குடி நிறுவனத்தில் தொடக்கநிலை விஞ்ஞானியாகச் சேர்ந்து, லித்தியம் மின்கலங்களில் ஆய்வு செய்து, 2019இல் அந்நிறுவனத்தின் முதல் பெண் இயக்குநரானார். 1942இல் தோன்றிய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் பொறுப்பை 2022 ஆகஸ்டில் ஏற்றார். அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவரே. காரைக்குடியில் வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் பட்டப்படிப்பும் அண்ணா பல்கலைக்கழக இணைப்போடு நடந்து வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுக்கும் மாணவியர் அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விவரம் வேண்டுவோர் வேதியியல் ஆசிரியையை இடைவேளையில் வந்து கேட்கலாம்.